காரணம் எழுதாத ஒன்பது ஆண்டுகள்

லேப்டாப்பை மூட வேண்டாம், அம்மா. நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்பதும் உண்மைதான். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறர் எழுதியதைப் படித்துப் பிழை கண்டுபிடித்த கண்கள் இவை. பக்கத்து இருக்கையில் எழுத்து ஓடினால் தாமாகவே அங்கே போகின்றன. மதுரையில் ஏறியதிலிருந்து ஒரே வரியை நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்துவிட்டீர்கள். குடும்பக் காரணங்களுக்காக மூன்று ஆண்டுகள் வேலையில் இல்லை என்ற வரி. அழித்தால் அந்த மூன்று ஆண்டு பல் விழுந்த இடம்போலத் தெரிகிறது. எழுதினால் கெஞ்சுவதுபோல் இருக்கிறது. மறுபடியும் அழிக்கிறீர்கள்.

எழுதலாமா கூடாதா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்கத்தான் வாயெடுத்தீர்கள், தெரியும். அந்தக் கேள்விக்கு நான் ஏற்கெனவே ஒருத்திக்குப் பதில் சொல்லியிருக்கிறேன், மிக உறுதியாக. அவள் பெயர் பரிபூரணம். இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்த வண்டி கோவில்பட்டியில் இரண்டு நிமிடம் நிற்கும். அவள் பிளாட்பாரத்துக்கு வருகிறாளா என்று நான் பார்க்க வேண்டும். சன்னலோர இருக்கையை நீங்கள் கேட்டபோது தரமாட்டேன் என்றது அதனால்தான். கர்வம் பிடித்தவள் என்று நினைத்திருப்பீர்கள். கர்வமும் உண்டு, ஆனால் இது அதனால் இல்லை.

வருவாளா, தெரியாது. ஆறு ஆண்டுகளாக அவள் என்னோடு பேசவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. அதுதான் என் குறை. பேசாமல் இருப்பது அவரவர் உரிமை. காரணம் சொல்லாமல் இருப்பது எந்த நியாயத்தில் சேரும்? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், முதலில் முழுதும் கேளுங்கள்.

என் பெயர் சந்திரமதி. ஓய்வுபெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நிறுவனம். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு புரோகிராம் எழுதிக் கொடுப்போம். அங்கே எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி அழைப்பதுதான் வழக்கம். எழுபது வயதுத் தலைவரை இருபத்திரண்டு வயதுப் பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடும். நான் அதற்கு ஒப்பவில்லை. என்னை மேடம் என்றுதான் அழைத்தார்கள். பூரணம் மட்டும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அக்கா என்று ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம்னு கூப்பிட்டா டீச்சர்ட்ட அடி வாங்கப் போற மாதிரியே இருக்குக்கா" என்றாள். கண்டித்தேன். கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. எங்கள் பிரிவில் இருபத்தாறு பேர். பெண்கள் நாங்கள் இருவர்தான். அவள் எழுதிய புரோகிராமை வரிவரியாகப் படித்துத் திருத்துவது என் பொறுப்பு. மற்றவர்கள் திரையிலேயே படிப்பார்கள். நான் தாளில் அச்செடுத்துப் பச்சை மையில் திருத்துவேன். அவள் அறிவுக்கூர்மை உள்ளவள், வேகமும் உண்டு. அந்த வேகத்தில் ஒரு குறை: சில இடங்களை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டுவிடுவாள். ஒவ்வொரு முறையும் ஓரத்தில் எழுதுவேன்: 'காரணம் எழுதாத காலியிடத்தில் பிழை குடியேறும்.' என் சொந்த வாக்கியம். எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன், அவளுக்கு ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பேன். கேன்டீனில் ஒருநாள் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தை என்னைப்போலவே நீளமாக்கிக்கொண்டு சொன்னாள்: "அக்கா, ரசத்துல மிளகைக் காணோம். காரணமும் எழுதல. பிழை குடியேறிருமே, என்ன செய்ய?" பரிமாறுகிறவர் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு சிரித்தேன்.

பகல் பன்னிரண்டு ஐம்பதுக்கு நான்காம் மாடி கேன்டீனில் தூணை ஒட்டிய மேசையில் உட்காருவோம். அவள் சீனியவரைக்காய் என்பாள், நான் கொத்தவரங்காய் என்பேன். இருவரும் ஒன்றையேதான் தின்போம். நட்பு என்று நான் சொல்ல மாட்டேன். அலுவலகத்தில் நட்பு எதற்கு? ஒரே நேரத்தில் சாப்பிட்டோம், அவ்வளவுதான். பதினோரு ஆண்டுகள்.

விருதுநகரா? நிற்கட்டும். இங்கே நிறையப் பேர் இறங்குவார்கள். காலை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி இடிக்கும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் அவள் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. சின்னக் குழந்தைக்கு அப்போது ஒரு வயது. கணவருக்குக் கோவில்பட்டியில் வங்கி வேலை. அவர் அங்கே, இவள் இங்கே என்று இரண்டு ஆண்டு ஓட்டியிருந்தாள், அதற்குமேல் முடியவில்லை. ராஜினாமா கொடுத்தாள். அவளை நான் தடுக்கவில்லை. அவரவர் முடிவு. கடைசி நாள் சாப்பிடும்போது மட்டும் ஒன்று சொன்னேன்.

அதற்குமுன் என் கதை ஒரு துளி தெரிந்தால்தான் உங்களுக்குப் புரியும். தொண்ணூற்றொன்றில் என் தாயார் புற்றுநோயில் எட்டு மாதம் படுத்திருந்தார். நான் வேலையை விட்டுவிட்டுக் கூட இருந்தேன். அவர் போன பிறகு வேறு ஓர் இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். எதிரே மூன்று ஆண்கள். இந்த எட்டு மாதம் என்ன செய்தீர்கள் என்றார்கள். உண்மையைச் சொன்னேன். அதன்பிறகு புரோகிராம் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அப்பாவுக்கு உடம்பு எப்படி, கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை எந்த ஊர் என்றே கேட்டார்கள். ஒருவர் எனக்காகப் பெருமூச்சுகூட விட்டார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன்: இனி எவருக்கும் எதற்கும் காரணம் சொல்வதில்லை. அடுத்த தேர்வில் அந்த எட்டு மாதத்தைச் சொல்லாமலே விட்டேன். வேலை கிடைத்தது.

ஆகவே பூரணத்திடம் சொன்னேன்: "நீ திரும்பி வருவே. வரும்போது ஏன் போனேன்னு எவனுக்கும் எழுதிக் குடுக்காதே. வேலையைக் கேளு, இரக்கத்தைக் கேக்காதே."

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "அதென்னக்கா, புரோகிராம்ல காலியிடம் விட்டா காரணம் எழுதணும், பொழப்புல விட்டா எழுதக் கூடாதா?" என்றாள்.

"புரோகிராமைப் பாத்து எவனும் உனக்கு எப்போ கல்யாணம்னு கேக்க மாட்டான்" என்றேன்.

புரையேறும்வரை சிரித்தாள். பிறகு அழுதாள். நான் தண்ணீரை நகர்த்தி வைத்தேன்.

ஒன்பது ஆண்டுகள், மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். மாமனார் இன்றைக்கு இரண்டடி நடந்தார், பெரியவள் கணக்கில் பெயில், "இங்கன ஒரே வெயிலுக்கா, காக்காகூட நிழல்ல நின்னுதான் கத்துது." அவள்தான் அழைப்பாள். நான் அழைத்ததில்லை. அவள் வீட்டில் எந்த நேரத்தில் என்ன வேலையோ, தெரியாமல் எப்படி அழைப்பது? அவள் போன பிறகும் நான் அதே மேசையில்தான் சாப்பிட்டேன். அந்தப் பன்னிரண்டு ஆண்டும் வேறு எவரும் அங்கே வந்து உட்காரவில்லை. மரியாதை. கேன்டீனில் இடமில்லாமல் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார்களே தவிர, என் மேசைக்கு வர மாட்டார்கள். அவ்வளவு மரியாதை வைத்திருந்தார்கள்.

இனிமேல்தான் விஷயம்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் எங்கள் நிறுவனத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. பெண்கள் எண்ணிக்கை குறைவு, குடும்பத்துக்காக வேலையை விட்டுப்போன பெண்களைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று. டேனியல் என்று ஓர் இளைஞன், ஹெச்.ஆர். தலைவன், நல்ல பிள்ளை, ஒரு திட்டம் கொண்டுவந்தான். அப்படிப்பட்ட பெண்களுக்கென்று தனித் தேர்வு; ஆறு மாதம் சம்பளத்தோடு பயிற்சி; விட்டுப்போன ஆண்டுகளை யாரும் கேட்பதில்லை. அதைப் பரிசீலிக்க ஏழு பேர் கொண்ட குழு. ஏழில் பெண் நான் ஒருத்திதான்.

நான் எழுந்து நின்று மறுத்தேன். பெண்களுக்கென்று பக்கவாட்டில் ஒரு வாசல் வைத்தால், உள்ளே வந்த பிறகும் ஆயுள் முழுதும் அந்த வாசலைத்தான் சொல்லிக் காட்டுவார்கள் என்றேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தேர்வு வையுங்கள். நேர்மை வேண்டுமானால் ரெஸ்யூமிலிருந்து பெயரை எடுங்கள். படத்தை எடுங்கள். கல்லூரிப் பெயரையும், முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரையும் எடுங்கள். எண் மட்டும் இருக்கட்டும், செய்த வேலை மட்டும் தெரியட்டும். தேர்வாகாத ஒவ்வொருவருக்கும் குழு எழுதிய காரணத்தை ஒரு சொல் மாற்றாமல் அனுப்புங்கள். காரணம் தெரியாமல் யாரும் திருப்பி அனுப்பப்படக் கூடாது. இவையெல்லாம் நான் வைத்த விதிகள்.

மற்ற ஐந்து பேரும் மேசையைத் தட்டினார்கள். "மேடமே சொல்லிட்டாங்க, இதுக்கு மேல என்ன!" என்றார் ஒருவர். அவ்வளவு நிம்மதியை அவர் முகத்தில் அதற்குமுன் நான் கண்டதில்லை. டேனியல் மட்டும் தன் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வெளியே வரும்போது, "மேடம், நீங்க எப்படியும் தாண்டி வந்திருப்பீங்க. எல்லாராலயும் முடியாதே" என்றான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்பத்தொரு விண்ணப்பங்கள் வந்தன. என் பங்குக்குப் பதினான்கு. இருபத்தேழாம் எண்ணை நான் இன்றும் வரிவரியாகச் சொல்வேன். பதினோரு ஆண்டு அனுபவம். இன்சூரன்ஸ் பிரீமியம் கணக்கிடும் பழைய புரோகிராமைப் புது இயந்திரத்துக்கு மாற்றிய வேலை, அதில் ஒருநாள்கூட வாடிக்கையாளருக்குத் தடங்கல் இல்லை. படிக்கும்போதே, நாம் செய்ததுபோலவே இருக்கிறதே என்று தோன்றியது. தோன்றியதைத் தள்ளி வைத்தேன். தோன்றுவதைத் தள்ளி வைப்பதற்குத்தானே பெயரையே அழித்தோம்? அதற்குக் கீழே ஒன்பது ஆண்டுகள் காலி. ஒரு வரி விளக்கம் இல்லை. ஒன்பது ஆண்டு! சிறையில் இருந்தாரா, வேறு தொழில் செய்தாரா, ஒன்றும் தெரியாது. ஐந்து ஆண்டுக்குமேல் விளக்கமில்லாத இடைவெளி இருந்தால் நீக்கிவிடுவது என்று குழுவில் பேசி வைத்திருந்தோம். நீக்கினேன். காரணம் எழுதும் கட்டத்தில் எழுதினேன்: 'காரணம் எழுதாத காலியிடத்தில் பிழை குடியேறும்.' அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம்தான். பூரணத்தின் தாள்களின் ஓரத்தில் எழுதியதும் அதே ஆங்கில வாக்கியம்தான். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, முதல் ஞாயிறு அல்ல, ஒரு புதன்கிழமை மாலை, பூரணம் அழைத்தாள்.

"அக்கா, நான் வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தேன். நம்ம ஆபீசுக்குத்தான். இல்லைன்னு லெட்டர் வந்துருக்கு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா சிபாரிசு ஆயிருமேக்கா. நீங்க பண்ண மாட்டீக. பண்ணினாலும் எனக்கு வேண்டாம். வேலையைக் கேளு, இரக்கத்தைக் கேக்காதேன்னு நீங்கதான சொன்னீக. அப்படியேதான் எழுதுனேன். மாமா சீக்கு, பிள்ளைக, ஒண்ணையும் எழுதல."

இருபத்தேழு என்ற எண் கண்முன் வந்து நின்றது.

அவள் கேட்டாள்: "அந்தக் கமிட்டில நீங்க இருந்தீகளாக்கா?"

நான் சொன்னேன்: "அதெல்லாம் ஹெச்.ஆர். பசங்க பாக்கறது."

பொய் இல்லை. ஹெச்.ஆரும் பார்த்தார்கள்தான்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "சரிக்கா. சாப்ட்டீகளா?" என்றாள். மாலை ஐந்தரை மணிக்கு! சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

மறுநாள் டேனியலின் அறைக்குப் போனேன். அவன் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, ஆமாம், இருபத்தேழு பரிபூரணம்தான் என்றான். அந்தப் பிள்ளைக்கு என் முகத்தில் என்ன தெரிந்ததோ, நாற்காலியை இழுத்துப் போட்டான். "மேடம், இன்னும் யாருக்கும் ஆர்டர் போகலை. நம்மகிட்ட பதினோரு வருஷம் வேலை பாத்தவங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இருபத்தேழை மறுபடி எடுத்துடலாம்" என்றான்.

முடியாது என்றேன். பெயர் தெரிந்த பிறகு மாற்றினால் அதற்குப் பெயர் சிபாரிசு. மற்ற நாற்பது பேருக்கும் என்னோடு சாப்பிட்ட பழக்கம் உண்டா? அவர்களில் எத்தனை பேர் மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தார்களோ? ஒருத்திக்காக விதியை வளைத்தால் அது விதி அல்ல.

"அப்போ அந்த நாப்பது பேரையும்கூட மறுபடி பாக்கலாமே, மேடம்" என்றான் டேனியல்.

அதற்கு நேரமில்லை என்றேன். உண்மையாகவே நேரமில்லை; அடுத்த வாரம் தணிக்கை இருந்தது.

அந்த முடிவை நினைத்து நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. தூக்கம் வராத நாட்களில்கூட அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறேன். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அதன்பிறகு முதல் ஞாயிறு வந்தது. பத்து மணிக்கு நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அழைக்கவில்லை. அடுத்த மாதமும் இல்லை. எழுபத்திரண்டு முதல் ஞாயிறுகள் போய்விட்டன. நன்றி மறந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறு என்ன சொல்வது? பத்து மணிக்குக் காப்பி குடித்துவிட்டு, பத்தே காலுக்கு அந்த நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிடுவேன். வீட்டில் நான் ஒருத்திதான். ஆனாலும் பொருள்கள் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

நானே அழைக்கலாமே என்றா கேட்கிறீர்கள்? பேச்சை நிறுத்தியவள் அவள். தொடங்க வேண்டியவளும் அவள்தான்.

இருந்தாலும் இப்போது எழுதினேன். திருநெல்வேலியில் ஒரு பெண்கள் கல்லூரி என்னைப் பேச அழைத்திருக்கிறது, தொழில்நுட்பத் துறையில் பெண்கள் என்ற தலைப்பில். வண்டி அவள் ஊர் வழியாகத்தான் போகிறது. அவள் அங்கே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஒன்பது பெண்களை வைத்து வேலை நடத்துகிறாளாம்; வெளி நிறுவனங்களின் புரோகிராமைச் சோதித்துக் கொடுக்கும் வேலை. பழைய சகா ஒருவர் சொல்லித் தெரிந்தது. அந்த ஒன்பது பேருமே இடையில் வேலையை விட்டவர்களாம். நல்ல காரியம். ஆனால் தேர்வு எப்படி வைக்கிறாளோ?

செய்தியைப் படிக்கிறேன், கேளுங்கள். 'வியாழன் பிற்பகல் ஒன்று ஐம்பதுக்குக் கோவில்பட்டி வழியாகச் செல்கிறேன். சி மூன்று பெட்டி. வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். விருப்பமிருந்தால் வரவும்.' அனுப்பி நான்கு நாள். படித்துவிட்டாள், இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. பதில் இல்லை.

வந்தால் சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். குழுவில் நான் இருந்தேன், உன் விண்ணப்பத்தை நீக்கியது நான்தான் என்று. இரண்டு நிமிடம் அதற்குப் போதும். அவளுக்கு அது தெரியாது அல்லவா? தெரியாமல் யார்மேலோ பழி போட்டுக்கொண்டிருப்பாள். தெரிந்துகொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு.

என்ன கேட்டீர்கள்?

ஆமாம். அந்தக் காரணம் அவளுக்கும் போனது. தேர்வாகாத எல்லாருக்கும் போனது. நான் வைத்த விதிதான்.

ஆமாம், அதே வாக்கியம். ஒரு சொல் மாற்றக் கூடாது என்பதுதானே விதி.

கையெழுத்து கிடையாது, அம்மா. பெயர் கிடையாது. குழுவின் கருத்து என்று மட்டும் இருக்கும். யார் எழுதியது என்று வெளியே இருப்பவர் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதில் நான் மிகக் கவனமாக இருந்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சாத்தூர் தாண்டிவிட்டதா? நான் கவனிக்கவில்லை.

அந்த வாக்கியத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு மட்டுமில்லை. எவர் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம், என்னிடம் கற்றுக்கொண்ட யாராவது. குழுவில் அப்படி வேறு யாரும் இல்லை என்பது எனக்குத்தான் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் அழைத்தது கடிதம் வந்த பிறகு.

ஆமாம், அம்மா. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பாள், நீங்கள் இருந்தீர்களா அக்கா என்று. கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சும்மா இருந்தாள்! தொடர்பு அறுந்ததாக நினைத்தேன் என்று சொன்னேன் அல்லவா? அறுபடவில்லை. மிக்சி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். என் பாட்டில் மேலே பையில் இருக்கிறது. உங்களுடையது போதும்.

வேகம் குறைகிறது. கோவில்பட்டிதான். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். வழிவிட வேண்டாம், உட்காருங்கள். வாசலுக்குப் போவதாகத்தான் இருந்தேன். போகலாம். வாசலில் கூட்டமாக இருக்கும், இறங்குகிறவர்கள் இறங்கட்டும்.

அந்தப் பச்சைப் புடவை இல்லை. குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறாளே, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, அவள். உடம்பு போட்டுவிட்டாள். தலை முழுதும் நரை. அவளுக்கு ஐம்பதுதான் ஆகிறது. கையில் ஒரு தூக்குச்சட்டி வைத்திருக்கிறாள். சாப்பாடு கொண்டுவந்திருக்கிறாள்.

பெட்டி எண்ணைப் படிக்கிறாள். இந்தப் பக்கம்தான் வருகிறாள். ஒவ்வொரு சன்னலாக நின்று நின்று பார்க்கிறாள். மூச்சு வாங்குகிறது, பாருங்கள், ஓடி வந்திருக்கிறாள்.

இதோ. நேர் எதிரே. கையை நீட்டினால் படும். என் கண்ணைத்தான் பார்க்கிறாள்.

இல்லை, பார்க்கவில்லை. இந்தக் குளிர்பெட்டிக் கண்ணாடி கறுப்பு. வெளியே நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. தன் முகத்தைத்தான் பார்க்கிறாள். நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறாள்.

கண்ணாடியைத் தட்டாதீர்கள். தட்ட வேண்டாம் என்கிறேன், அம்மா! உட்காருங்கள். இரண்டு நிமிடத்தில் என்ன பேசுவது? அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவளிடமே போய்ச் சொல்வதா? சொல்வதற்கு என்று நான் வைத்திருந்தது அது ஒன்றுதான். வேறு எதையும் நான் தயார்செய்து கொண்டுவரவில்லை.

அடுத்த சன்னலுக்குப் போய்விட்டாள்.

நகர்ந்துவிட்டது. சரியாக இரண்டு நிமிடம்.

அவள் ஏறிப் பார்த்திருக்கலாம். பெட்டி எண் எழுதியிருந்தேன். வாசல் திறந்துதான் இருந்தது, நீங்களே பார்த்தீர்கள். ஓரடி உள்ளே வைத்து அக்கா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நான் எழுந்து போயிருக்க மாட்டேனா? மனம் இருந்தால் ஏறியிருப்பாள். ஊர்க்காரர்கள் முன்னால் வந்தேன் என்று காட்டிக்கொள்ள வந்தாளோ என்னவோ. அழாதீர்கள். இதில் நீங்கள் அழுவதற்கு என்ன இருக்கிறது?

என் போன்தான். ஆமாம், அவள் பெயர்தான் தெரிகிறது.

எடுக்க மாட்டேன். ரயிலில் நாலு பேருக்கு நடுவே போனில் பேசுவது நாகரிகமில்லை. ஊர்போய்ச் சேர்ந்து சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம். அடிக்கட்டும். அவளுக்கு அவசியம் என்றால் மீண்டும் அழைப்பாள்.

நின்றுவிட்டது. ஆறு ஆண்டு கழித்து அழைக்கிறாள், எட்டு முறை மணி அடிப்பதற்குள் பொறுமை போய்விட்டது, பார்த்தீர்களா?